பழைய டிராக்டர் பாகங்கள் ஏலம்: எடைக்கு விற்கும் இரும்பில் மதிப்புள்ளதை அடையாளம் காண்பது எப்படி?

புதுடெல்லி: அரசுப் பண்ணையின் கிடங்கோ, மூடப்பட்ட தொழிற்சாலையின் முற்றமோ ஏலத்துக்கு வரும்போது, அறிவிப்பில் பெரும்பாலும் ஒரே ஒரு வரிதான் இடம்பெறும்: பழுதடைந்த டிராக்டர்கள், உதிரிபாகங்கள், இத்தனை டன். எந்த நிறுவனத்தின் தயாரிப்பு, எந்த ஆண்டு, எந்தப் பாகம் என்ற விவரம் அதில் இருப்பதில்லை. பழைய இரும்பு வியாபாரிக்கு அது உருக்காலைக்குச் செல்லும் எடை. உற்பத்தி நின்றுபோன மாடலை இன்னும் வயலில் ஓட்டிக்கொண்டிருக்கும் விவசாயிக்கு, அதே குவியலில் அடுத்த விதைப்புக்குத் தேவையான ஒரு பாகம் கிடக்கக்கூடும். சேகரிப்பாளருக்கு அது வேளாண் வரலாற்றின் ஒரு துண்டு.

இந்த மூவரும் கேட்கும் விலை வேறுபடுவதற்குக் காரணம் இரும்பு அல்ல. அதன் மீது பொறிக்கப்பட்டிருக்கும் எண்ணும், அதனுடன் வரும் ஆவணமும்தான். அவற்றைப் படிக்கத் தெரிந்தவர் குறைந்த விலையில் அரிய பொருளைப் பெறுகிறார். தெரியாதவர் வண்ணம் பூசிய போலிக்கு அதிக விலை கொடுக்கிறார். யாரும் படிக்காத பாகம் உலைக்குப் போகிறது. இத்தகைய ஏலங்கள் எவ்வாறு நடைபெறுகின்றன, வாங்குவோர் எவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்பதை விளக்குகிறது இத்தொகுப்பு.

பழைய டிராக்டருக்கு மதிப்பு எங்கிருந்து வருகிறது?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் டிராக்டர் உற்பத்தி இல்லை. காடுபோல் களை மண்டிக் கிடந்த நிலங்களைச் சாகுபடிக்குக் கொண்டுவர, அமெரிக்க ராணுவம் போருக்குப் பின் விட்டுச்சென்ற டிராக்டர்களைக் கொண்டு மத்திய டிராக்டர் அமைப்பு 1947-இல் உருவாக்கப்பட்டது. இதே பணிக்கான கனரக இயந்திரங்களை வாங்க, 1949-இல் உலக வங்கி 1 கோடி டாலர் கடன் வழங்கியது. சோவியத் ஒன்றியம் அன்பளிப்பாக அளித்த இயந்திரங்களுடன் ராஜஸ்தானின் சூரத்கரில் 1956-இல் மத்திய அரசின் பெரும் பண்ணை தொடங்கப்பட்டது.

உள்நாட்டில் தயாரான முதல் டிராக்டர், 1959-இல் ஃபரிதாபாத்தில் உள்ள ஐஷர் ஆலையிலிருந்து வெளிவந்தது. அடுத்த ஆண்டு, மாஸ்ஸி பெர்குசன் நிறுவனத்தின் தொழில்நுட்பக் கூட்டுடன் சென்னையில் டாஃபே நிறுவப்பட்டது. 1963-இல் மகிந்திரா நிறுவனம், அமெரிக்காவின் இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டருடன் கூட்டுச் சேர்ந்து பி-275 மாடலைத் தயாரிக்க வழிகண்டது. எஸ்கார்ட்ஸ் - ஃபோர்டு கூட்டில் உருவான டிராக்டர்கள் 1971-இல் உற்பத்திக்கு வந்தன. அதே ஆண்டில், செக்கோஸ்லோவாக்கியாவின் ஸீட்டர் தொழில்நுட்பத்தில் 25 குதிரைத்திறன் டிராக்டர்களை ஹரியானாவின் பிஞ்சோரில் எச்எம்டி தயாரிக்கத் தொடங்கியது. துர்காபூரில் உள்ள மத்திய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனத்தின் உள்நாட்டு வடிவமைப்பில் உருவான ஸ்வராஜ் 724, 1974-இல் சந்தைக்கு வந்தது.

இவற்றில் பல மாடல்கள் இன்று தயாரிக்கப்படுவதில்லை. எச்எம்டியின் டிராக்டர் பிரிவை மூட மத்திய அமைச்சரவை 2016 அக்டோபரில் ஒப்புதல் அளித்தது. ஆலை மூடப்பட்டாலும் டிராக்டர்கள் வயல்களிலிருந்து மறைந்துவிடவில்லை. புதிய அசல் பாகங்களின் வரத்து நின்ற நிலையில், கிடங்குகளில் தேங்கிய பயன்படுத்தப்படாத இருப்பும், கழிக்கப்பட்ட வண்டிகளிலிருந்து எடுக்கப்படும் பாகங்களுமே எஞ்சியிருக்கும் வழிகள்.

பயன்பாட்டைத் தாண்டிய மதிப்பும் உண்டு. 2022 மே மாதம் சுட்டுக் கொல்லப்பட்ட பஞ்சாபிப் பாடகர் சித்து மூஸேவாலாவின் உடல், அவர் பெரிதும் விரும்பிய எச்எம்டி 5911 டிராக்டரில்தான் இறுதி ஊர்வலமாக எடுத்துச் செல்லப்பட்டது. தமது இசை வெளியீட்டு நிறுவனத்துக்கும் அவர் அந்த எண்ணையே பெயராகச் சூட்டியிருந்தார். அந்த மாடல் எண் பொறித்த ஒரு பெயர்ப் பட்டை, அந்த மாநிலத்து இளைஞர் ஒருவருக்கு வெறும் உலோகத் தகடு அல்ல.

எத்தகைய ஏலங்கள்?

இந்தியாவில் பழைய டிராக்டர்களும் பாகங்களும் முக்கியமாக இரண்டு வகை ஏலங்களில் வருகின்றன.

முதலாவது, அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் கழிவுப் பொருட்களை விற்கும் மின்னணு ஏலம். மத்திய எஃகு அமைச்சகத்தின் கீழ் 1964-இல் தொடங்கப்பட்ட எம்எஸ்டிசி நிறுவனத்தின் தளம் இதற்குப் பரவலாகப் பயன்படுத்தப்படுகிறது. வாங்குவோர் முன்கூட்டியே பதிவு செய்து, முன்வைப்புத் தொகை செலுத்தி, குறிப்பிட்ட நாளில் பொருளை நேரில் பார்வையிட்டு, பின்னர் இணையவழியில் விலை கேட்க வேண்டும். அதிக விலை கேட்டவருக்கே பொருள் உறுதி என்று கொள்ள முடியாது. பல ஏலங்களில் விற்பனையாளரின் ஒப்புதலுக்குப் பிறகே விற்பனை முடிவாகிறது.

இரண்டாவது, கடன் தவணை நிலுவைக்காக வங்கிகளும் நிதி நிறுவனங்களும் கைப்பற்றிய டிராக்டர்களை விற்கும் ஏலம். இதில் வருபவை பெரும்பாலும் அண்மைக்கால மாடல்கள்; அரிய பழைய வண்டிகள் மிகக் குறைவு.

பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் பழமையான டிராக்டர்களுக்கென்றே தனி ஏலங்கள் நடைபெறுகின்றன. கேம்பிரிட்ஜ் பகுதியைச் சேர்ந்த செஃபின்ஸ் நிறுவனம் நடத்தும் விற்பனைகளில் முழு டிராக்டர்கள் மட்டுமின்றி மேக்னெட்டோ, கார்புரேட்டர், எனாமல் விளம்பரப் பலகைகள், இயக்கக் கையேடுகள், வார்ப்பிரும்பு இருக்கைகள் ஆகியவை தனித்தனி எண்ணிட்டு ஏலம் விடப்படுகின்றன. இந்திய ஏலங்களுக்கும் இவற்றுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுதான்: அங்கே பொருள் பிரித்துப் பெயரிடப்படுகிறது, இங்கே மொத்தமாக எடை போடப்படுகிறது.

இதனால் ஒரே ஒரு கியர் பாக்ஸ் தேவைப்படும் விவசாயி, பல டன் கலப்பு இரும்பை ஏலம் எடுக்க இயலாது. அவருக்கு நடைமுறையில் உள்ள வழி, ஏலம் எடுத்த வியாபாரியை அணுகுவதே. பார்வையிடும் நாளில் தேவையான பாகத்தைக் குறித்துக்கொண்டு, சரக்கு உடைக்கப்படுவதற்கு முன் வியாபாரியிடம் விலை பேச வேண்டும். லாரியில் ஏற்றுவதற்காக வெல்டிங் கருவியால் வெட்டப்பட்ட பின், பயன்படும் பாகமும் எடைக்கு எடை இரும்பாகிவிடும்.

ஏலத்தில் கேட்கும் முன் சந்தை விலையையும் அறிந்துகொள்வது நல்லது. பஞ்சாபின் மோகா, பர்னாலா, தல்வண்டி சாபோ போன்ற இடங்களில் கூடும் பழைய டிராக்டர் சந்தைகள், ஒரு மாடலுக்கு உண்மையில் என்ன விலை கிடைக்கிறது என்பதை ஒப்பிட உதவுகின்றன.

“உள்ளது உள்ளபடி” என்பதன் பொருள்

ஏல அறிவிப்புகளில் தவறாமல் இடம்பெறும் நிபந்தனை, “உள்ளது உள்ளபடி, உள்ள இடத்திலேயே” விற்பனை என்பது. பொருளில் குறை இருந்தால் விற்பவர் பொறுப்பேற்க மாட்டார். எடுத்துச் செல்லும் செலவும் வாங்குபவரையே சாரும். குறித்த நாளுக்குள் எடுக்காவிட்டால் இட வாடகை வசூலிக்கப்படலாம்; முன்வைப்புத் தொகையையும் இழக்க நேரிடலாம். எனவே, பார்வையிடும் நாளைத் தவறவிட்டு, படத்தை மட்டும் நம்பி விலை கேட்பது இந்த ஏலங்களில் மிகவும் ஆபத்தானது.

எண்ணே அடையாளம்

பார்வையிடும் நாளில் முதலில் தேட வேண்டியது எண்களை. அவை மூன்று வகைப்படும்.

ஒன்று, டிராக்டரின் வரிசை எண். பழைய வண்டிகளில் இது பெரும்பாலும் ஓட்டுநர் முன் உள்ள பலகையிலோ, என்ஜின் அருகிலோ சிறு உலோகத் தகட்டில் இருக்கும். தகட்டின் ஆணிகள் புதியவையாக இருந்தாலோ, எழுத்துகளின் ஆழம் சீரற்றிருந்தாலோ தகடு மாற்றப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

இரண்டு, பாக எண். இது அந்தப் பாகம் எந்த மாடலுக்கு உரியது என்பதைக் காட்டும். மூன்று, வார்ப்புக் குறியீடு. வார்ப்பிரும்புப் பாகம் எப்போது வார்க்கப்பட்டது என்பதை இது குறிக்கும். எடுத்துக்காட்டாக, 1960-களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த ஃபோர்டு டிராக்டர்களில் ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கான ஆங்கில எழுத்து, நாள் என்ற வரிசையில் குறியீடு அமையும். “6சி14” என்றால் மார்ச் 14. ஆண்டு 1966 ஆகவோ 1976 ஆகவோ இருக்கலாம். எது சரி என்பதை மாடலை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

இக்குறியீடுகள் ஒன்றையொன்று சரிபார்க்க உதவுகின்றன. வண்டி பூட்டப்பட்ட தேதிக்குப் பின் வார்க்கப்பட்ட பாகம், அந்த வண்டியுடன் பிறந்ததாக இருக்க முடியாது. உழவுக்கு வாங்குபவருக்கு இது பெரிய குறை அல்ல. “ஆலையிலிருந்து வந்த அதே நிலையில்” என்று சொல்லிக் கூடுதல் விலை கேட்கப்படும்போது இது முக்கியமாகிறது.

ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மாடல்களுக்குள் பல பாகங்கள் பொதுவானவை என்பதும் வாங்குவோருக்குச் சாதகம். கோவென்ட்ரியில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரான பெர்குசன் டிஇ20, அதன் பின் வந்த 35, இந்தியாவின் 1035 ஆகியவை ஒரே வழி வந்தவை. எனினும், தோற்ற ஒற்றுமையை மட்டும் நம்பி வாங்கக் கூடாது. பல்சக்கரப் பற்களின் எண்ணிக்கை, தண்டின் விட்டம், துளைகளின் இடைவெளி ஆகியவற்றை அளந்து, பாகப் பட்டியலுடன் ஒப்பிட்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

பாகங்களில் கவனிக்க வேண்டியவை

என்ஜின் பிளாக், சிலிண்டர் ஹெட் ஆகியவற்றில் விரிசல் உள்ளதா என்பது முதல் சோதனை. தண்ணீர்ப் பாதையைச் சுற்றியும், போல்ட் துளைகளின் ஓரத்திலும், வெல்டிங் செய்து தேய்த்து வண்ணம் பூசிய இடங்களிலும் கூர்ந்து பார்க்க வேண்டும். வார்ப்பிரும்பில் செய்த வெல்டிங் சரியாக அமையாவிட்டால், சூடேறும்போது மீண்டும் விரியக்கூடும்.

கிராங்க் ஷாஃப்ட் ஏற்கெனவே எத்தனை முறை தேய்த்துச் சீர்செய்யப்பட்டது என்பதை அளவுமானியால் அறியலாம். கடைசி அளவு வரை தேய்க்கப்பட்டதற்குப் பொருந்தும் பேரிங் கிடைக்காமல் போகலாம். டீசல் பம்ப் விலை உயர்ந்த பாகம் என்பதால், அதன் முத்திரைத் தகடும், தண்டு கையால் சுழல்கிறதா என்பதும் பார்க்கப்பட வேண்டும். பல ஆண்டுகள் மழையில் கிடந்த பம்பின் உட்பகுதி துருப்பிடித்திருந்தால், வெளித்தோற்றம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் பயனில்லை.

மேல்துரு அச்சப்பட வேண்டியதல்ல. பேரிங் அமரும் பரப்பிலும் பல்சக்கரப் பற்களிலும் குழி விழுந்த துருவே உண்மையான சேதம். மாறாக, பளபளக்கும் புதிய வண்ணம் ஐயத்துக்கு உரியது. வண்ணம் விரிசலை மறைக்கும், எண்களையும் நிரப்பிவிடும்.

நினைவுப்பொருட்களில் போலி

பாகங்களைவிட நினைவுப்பொருட்களில் போலிகள் எளிதில் புழங்குகின்றன. ஒரு கியரைப் போலியாகச் செய்தால் அது வண்டியில் பொருந்த வேண்டும். விளம்பரப் பலகைக்கு அத்தகைய சோதனை ஏதும் இல்லை.

உண்மையான பழைய எனாமல் பலகை, எஃகுத் தகட்டின் மீது கண்ணாடிப் பூச்சை உலையில் சுட்டு, ஒவ்வொரு நிறமாக ஏற்றிச் செய்யப்பட்டது. விரலால் தடவினால் நிறங்களின் விளிம்பில் மெல்லிய மேடு தெரியும். உடைந்த இடத்தில் பூச்சு சில்லுபோல் பெயர்ந்து, கீழே கருமையோ துருவோ காணப்படும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்கும்போது சிறு சிறு புள்ளிகளால் படம் அமைந்திருந்தால், அது இயந்திர அச்சு. துளைகளைச் சுற்றி ஆணி அடித்த தேய்மானம் இல்லாமல் நடுப்பகுதியில் மட்டும் துரு இருந்தால், பழமை செயற்கையாக ஏற்றப்பட்டதாக இருக்கலாம்.

பெயர் பொறித்த வார்ப்பிரும்பு இருக்கைகளுக்கு மேலைநாடுகளில் தனிச் சேகரிப்பாளர்கள் உள்ளனர். அசலை அச்சாக வைத்து மீண்டும் வார்க்கப்படும் நகலில், இரும்பு ஆறும்போது சுருங்குவதால் அளவு சற்றுக் குறையும். எழுத்துகளின் கூர்மையும் மழுங்கும். அசலின் அளவு தெரிந்தவருக்கு ஓர் அளவுநாடாவே போதும்.

காகித ஆவணங்களின் மதிப்பு பலரால் உணரப்படுவதில்லை. நிறுவனம் வெளியிட்ட பாகப் பட்டியல், பழுதுநீக்கக் கையேடு, விற்பனை ரசீது, பழைய பதிவுப் புத்தகம் ஆகியவை காட்சிப் பொருட்கள் மட்டுமல்ல. உற்பத்தி நின்றுபோன மாடலுக்கு எந்தப் பாகம் பொருந்தும் என்பதை உறுதிசெய்யும் சான்றுகளும் அவையே. ஆலைகளும் முகவர் நிலையங்களும் மூடப்படும்போது, இரும்புக்கு முன்பே குப்பைக்குப் போவதும் இவைதான்.

முழு டிராக்டர் வாங்குவோருக்கான சட்ட விதிகள்

தனிப் பாகம் வாங்குபவருக்கு ரசீது போதும். முழு டிராக்டர் வாங்கிச் சாலையில் ஓட்ட விரும்புபவருக்கு அது போதாது.

அரசு நடத்தும் பொது ஏலத்தில் வாகனம் வாங்கியவர், அதைப் பெற்றுக்கொண்ட 30 நாட்களுக்குள் படிவம் 32-இல் உரிமை மாற்றத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் கூறுகின்றன. ஏலத்தை நடத்திய அதிகாரி கையொப்பமிட்ட விற்பனை உறுதிச் சான்றும், ஏலத்துக்கு அனுமதி அளித்த உத்தரவின் நகலும் உடன் இணைக்கப்பட வேண்டும். பணம் செலுத்திய நாளிலேயே இவற்றைக் கேட்டுப் பெறுவது நல்லது.

கடனுக்காகக் கைப்பற்றப்பட்ட வண்டியானால், நிதி நிறுவனத்தின் பெயருக்குப் பதிவு மாற்றப்பட்டதா, கடன் பதிவு நீக்கப்பட்டதா என்பதைச் சரிபார்க்க வேண்டும். சர்பாசி சட்டத்தின் கீழ் அசையும் சொத்தை விற்பதற்கு முன் கடன்தாரருக்கு 30 நாள் அறிவிப்பு அளிக்கப்பட வேண்டும். நிலுவையும் செலவும் போக மிஞ்சும் தொகை உரியவரிடமே சேர வேண்டும். இந்த நடைமுறை மீறப்பட்டிருந்தால் விற்பனை வழக்கில் சிக்கக்கூடும். வண்டியை இழந்த விவசாயியுடன் வாங்கியவரும் நீதிமன்றப் படியேற நேரிடும்.

15 ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு, 2023 ஏப்ரல் 1 முதல் ரத்தாகிறது. அவை பதிவுபெற்ற வாகன அழிப்பு மையங்களில் பிரிக்கப்பட வேண்டியவை. எனவே, அரசுத் துறையின் பழைய டிராக்டரை முழுமையாக வாங்கி மீண்டும் பதிவு செய்யலாம் என்று எண்ணி ஏலத்தில் இறங்கக் கூடாது.

பழமையான வாகனங்களுக்கென 2021-இல் தனி விதிகள் அறிவிக்கப்பட்டன. 50 ஆண்டுகளைக் கடந்த, சொந்தப் பயன்பாட்டுக்கான இருசக்கர வாகனங்களும் கார்களுமே அதன் வரையறையில் குறிப்பிடப்பட்டுள்ளன. டிராக்டர் அதில் இல்லை. பழைய காருக்குக் கிடைக்கும் சிறப்புப் பதிவு, அதே வயதுடைய டிராக்டருக்குக் கிடைப்பதில்லை. வெளிநாட்டு ஏலங்களில் வாங்க விரும்புவோர், பழைய வாகனங்களையும் பயன்படுத்திய பொருட்களையும் இறக்குமதி செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகள் உள்ளதால், விலை கேட்கும் முன்பே சுங்க விதிகளை அறிந்துகொள்ள வேண்டும்.

உண்மை விலை எவ்வளவு?

ஏலத்தில் கேட்ட விலை, கையிலிருந்து செல்லும் தொகை அல்ல. ஒரு கற்பனைக் கணக்கைக் கொள்வோம். ஒரு பாகம் 10,000 ரூபாய்க்கு முடிகிறது. ஏல நிறுவனத்தின் கட்டணம் 10 சதவீதம் எனில் 1,000 ரூபாய். பொருளுக்கு 18 சதவீத வரி எனில் 1,800 ரூபாய். கட்டணத்தின் மீது 180 ரூபாய். வண்டி வாடகை 2,500 ரூபாய், லேத் பட்டறைச் செலவு 3,000 ரூபாய். மொத்தம் 18,480 ரூபாய். பாகம் பொருந்தாமல் போனால், இதில் எதுவும் திரும்பக் கிடைக்காது.

ரசீதில் பொருள் எவ்வாறு விவரிக்கப்படுகிறது என்பதும் வரியைப் பாதிக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர்களுக்கும், அவற்றின் டயர் உள்ளிட்ட குறிப்பிட்ட பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய இரும்புக்கான வரி 18 சதவீதம். ஆகவே, ஏல நிபந்தனையில் எந்த வகைப்பாடு குறிப்பிடப்பட்டுள்ளது என்பதை முன்னரே பார்ப்பது அவசியம்.

இவ்வளவையும் கூட்டி, இதற்கு மேல் கேட்பதில்லை என்ற உச்ச வரம்பை ஏலத்துக்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். மின்னணு ஏலங்களில் கடைசி நிமிடங்களில் புதிய விலை கேட்கப்பட்டால் நேரம் தானாக நீட்டிக்கப்படுவது வழக்கம். போட்டி வேகத்தில் வரம்பைத் தாண்டுவது பெரும்பாலும் அப்போதுதான் நிகழ்கிறது.

வாங்கிய பின்

சேகரிப்புக்காக வாங்கியவர் முதலில் செய்யக் கூடாதது, புதிய வண்ணம் பூசுவது. ஆலையில் பூசிய பழைய வண்ணம் திட்டுத்திட்டாக எஞ்சியிருந்தாலும், அது அசல் என்பதற்குச் சான்று. மண்ணையும் எண்ணெய்ப் பிசுக்கையும் மட்டும் நீக்கி, துரு பரவாமல் மெல்லிய எண்ணெய்ப் பூச்சுக் கொடுத்தால் போதுமானது. உழவுக்காக வாங்கியவர், பாகத்தைப் பூட்டும் முன் நம்பகமான மெக்கானிக்கிடம் அளவுகளைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். பருவம் தொடங்கிய பின் பொருந்தாத பாகத்துடன் நிற்கும் டிராக்டரால் ஏற்படும் இழப்பு, பாகத்தின் விலையைவிடப் பெரிது.

இரு தரப்பினரும் செய்ய வேண்டியது ஒன்றுண்டு. ஏல எண், தேதி, ரசீது, பொறிக்கப்பட்ட எண்களின் படம் ஆகியவற்றைப் பாகத்துடன் சேர்த்துப் பாதுகாக்க வேண்டும். அந்தப் பதிவு இருந்தால், அடுத்த முறை அது விற்பனைக்கு வரும்போது எடைக் கணக்கில் சேராது. இன்ன மாடலின் இன்ன பாகம் என்ற பெயருடன் வரும்.